மாசி பங்குனியில் கோழியும் பாத்தியும்: எது கெட்டால் முதலில் எங்கே பார்ப்பது

காங்கேயம் பக்கத்தில் வீட்டை ஒட்டி எட்டு சென்ட் இடம். பாதி காய்கறிப் பாத்தி, ஓரத்தில் ஒரு முருங்கை, ஒரு வேம்பு. வேம்படியில் கோழிக்கூடு. பனி விலகி வெயில் ஏறத் தொடங்கும் மாசியில், ஒவ்வொரு வருடமும் ஏறக்குறைய அதே கோளாறுகள்தான் வருகின்றன. முட்டை குறையும், கோழி மூச்சிரைக்கும், கீரை விதை முளைக்காது, மிளகாய் இலை சுருளும். திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் எனக்குத் தெளிவான ஒன்று: கோழிக்கு வரும் தொல்லையின் காரணம் பாதி நேரம் தோட்டத்தில் இருக்கிறது, தோட்டத்துக்கு வரும் தொல்லையின் காரணம் கோழியிடம் இருக்கிறது. மருந்துக்கடைக்குப் போகும் முன் இரண்டு பக்கமும் பாருங்கள்.

கண்ணில் படும் அறிகுறியைத் தலைப்பாக வைத்திருக்கிறேன். ஒவ்வொன்றிலும் காசு செலவில்லாத சோதனை முதலில் வரும்.

## முட்டை குறைந்துவிட்டது, அல்லது நின்றுவிட்டது

கோழி சுறுசுறுப்பாக இருக்கிறது, கொண்டையும் சிவப்பாக இருக்கிறது. அப்படியானால் அது முட்டையிடுகிறது. எங்கே இடுகிறது என்பதுதான் கேள்வி. நான் முதல் வருடம் தீவனத்தை மாற்றி, சத்து மருந்து வாங்கி ஊற்றிக்கொண்டிருந்தபோது பக்கத்துத் தோட்டத்துப் பெரியம்மா வந்து பார்த்தார். "அம்மிணி, கோழி இடாம இல்லை. நீ எடுக்காம இருக்கற" என்று சொல்லிவிட்டு, சுரைப்பந்தலுக்குக் கீழே காய்ந்த சருகை விலக்கினார். பதினான்கு முட்டை.

சோதனை இப்படி. இரவில் கோழியைப் பிடித்து, பின்பக்கம் எச்சத் துவாரத்துக்கு இருபுறமும் இருக்கும் இரண்டு கூரிய எலும்புகளுக்கு நடுவே விரல் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று விரல் தாராளமாகப் போனால் அந்தக் கோழி முட்டையில் இருக்கிறது. ஒரு விரலுக்கே இடமில்லை என்றால் நிறுத்திவிட்டது. முட்டையில் இருக்கும் கோழிகளை இரண்டு மூன்று நாள் காலை பத்து பதினொரு மணி வரை பஞ்சாரத்தில் கவிழ்த்து வையுங்கள். முட்டை கிடைத்துவிடும். அதன் பிறகு கூட்டின் முட்டைக் கூடையில் எப்போதும் ஒரு முட்டையை எடுக்காமல் விட்டுவையுங்கள். கோழி அங்கேயே வந்து இடும்.

முட்டை கூட்டிலேயே காணாமல் போகிறது. உடைந்த ஓடும் ஒழுகலும் கிடந்தால் கீரி, எலி, காக்கை, அல்லது முட்டை தின்னப் பழகிய கோழி. அலகில் மஞ்சள் கரு காய்ந்து ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். ஓடுகூட இல்லாமல் மறைந்தால் பெரும்பாலும் பாம்பு. கூட்டின் கம்பி வலையில் அரை அங்குலத்துக்கு மேல் எந்த இடைவெளியும் இருக்கக்கூடாது. உள்ளே பாம்பு தெரிந்தால் கம்பால் அடிக்கப் போகாதீர்கள். தீயணைப்பு நிலையத்துக்குச் சொன்னால் வந்து பிடித்துப் போவார்கள்.

கூடையை விட்டு எழாமல் சிலிர்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. அடைக்கு வந்துவிட்டது. குஞ்சு வேண்டுமென்றால் அடை வையுங்கள். வேண்டாமென்றால் அடிப்பக்கம் கம்பி போட்ட கூண்டில், தரையிலிருந்து உயர்த்தி, நிழலில் மூன்று நான்கு நாள் விடுங்கள். வயிற்றில் காற்றுப் பட்டால் அடை தெளியும். தீனியும் தண்ணீரும் வழக்கம்போல. மூக்கில் இறகு குத்துவது, தண்ணீரில் முக்குவது எல்லாம் தேவையே இல்லை, வேதனை மட்டும்தான்.

கொண்டை வெளிறியிருக்கிறது, சாயங்காலம் கூட்டுக்குள் போக மறுக்கிறது. இதை யாரும் லேசாக எடுக்கக்கூடாது. கூட்டில் செல், அதாவது கோழியின் ரத்தம் குடிக்கும் பொடிப் பூச்சி, பிடித்திருக்கிறது. பகலில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. மூங்கில் பிளவு, பலகை இடுக்கு, கூடையின் அடி என்று ஒளிந்துகொள்ளும். ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சோடு போய், கோழி உட்காரும் கம்பின் அடிப்பக்கத்தை ஒரு வெள்ளைத் துணியால் அழுத்தித் துடையுங்கள். துணியில் ரத்தக் கோடு விழுந்தால் சந்தேகமே இல்லை.

கூடையின் வைக்கோலை வெளியே எடுத்து எரித்துவிடுங்கள். கூட்டைக் கழுவி, காயவைத்து, இடுக்கெல்லாம் சுண்ணாம்பு அடியுங்கள். கம்பின் முனைகளில் வேப்பெண்ணெயும் சோப்புக் கரைசலும் கலந்து தடவுங்கள். இதோடு முடிந்தது என்று நினைத்தால் பத்து நாளில் மறுபடி வரும், ஏனென்றால் முட்டையில் இருந்தவை பொரித்துவிடும். ஏழாம் நாள் முழு வேலையையும் இன்னொரு முறை செய்ய வேண்டும். கோழிகளுக்கு அடுப்புச் சாம்பலும் புழுதியும் கலந்து ஒரு குழியில் போட்டால் தானே புரண்டு சுத்தம் செய்துகொள்ளும். வயலுக்கு அடிக்கும் பூச்சிமருந்தைக் கோழி மேல் தெளிக்கவே கூடாது. இரண்டு சுற்றுக்குப் பிறகும் கொண்டை சிவக்கவில்லை என்றால் கால்நடை மருந்தகத்துக்குப் போய் கோழிக்கென்றே உள்ள மருந்தைக் கேளுங்கள்.

தோல்முட்டை வருகிறது. வெயிலில் மூச்சிரைக்கும் கோழிக்கு ஓடு மெலியும். தீனியும் குறைவாகத்தான் எடுக்கும். சாயங்காலத் தீனியோடு கிளிஞ்சல் தூளைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். முருங்கைக்கீரை, அகத்திக்கீரை கட்டித் தொங்கவிடுங்கள். இரண்டு வாரத்தில் சரியாகவில்லை, பல கோழிக்கும் இப்படி, கூடவே சளிச் சத்தமும் கேட்கிறது என்றால் மருத்துவர்.

## வாயைப் பிளந்து மூச்சு வாங்குகிறது

மதியம் மட்டும். வெயில். இறக்கையை உடம்பிலிருந்து விலக்கி நிற்கும். தண்ணீர்ச் சட்டியில் விரலை விட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் கோழி குடிக்காது, காரணம் அதுதான். மண்சட்டியை நிழலுக்கு மாற்றி, பதினொரு மணிக்கும் இரண்டு மணிக்கும் தண்ணீரை மாற்றுங்கள். தீனியைக் காலை ஒன்பது மணிக்குள்ளும் மாலை ஐந்து மணிக்கு மேலும் வையுங்கள். செரிக்கும் சூடும் வெயில் சூடும் ஒன்றாகச் சேரக்கூடாது. தகரம், சிமென்ட் ஷீட் கூரை என்றால் மேலே தென்னங்கீற்றைப் பரப்புங்கள். பின் வெயில் படும் பக்கம் ஈரச் சாக்கு தொங்கட்டும்.

சாய்ந்து விழுந்துவிட்டால் நிழலுக்குத் தூக்கிப்போய், காலையும் கொண்டையையும் நனைத்து, நெஞ்சு வரை சாதாரணத் தண்ணீரில் சிறிது நேரம் பிடியுங்கள். ஐஸ் தண்ணீர் வேண்டாம். வாயைத் திறந்து தண்ணீர் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழலுக்குள் போய்விடும். அலகின் ஓரத்தில் சொட்டாக வைத்தால் தானே விழுங்கும்.

விடியற்காலையிலும் இரைக்கிறது. இது வெயில் இல்லை. முதலில் கூட்டுக்குள் கோழியின் உயரத்துக்குக் குனிந்து உட்கார்ந்து மூச்சை இழுங்கள். கண் எரிந்தால் அடிப்படுகை ஈரமாகி, எச்சத்தின் காரம் ஏறியிருக்கிறது. நின்றுகொண்டு முகர்ந்தால் தெரியாது. படுகையை மொத்தமாக மாற்றி, காற்றோட்டம் கொடுங்கள். மூன்று நாளில் குறையவில்லை, மூக்கில் ஒழுகல், கண்ணில் நுரை, முகவீக்கம் இருக்கிறது என்றால் அந்தக் கோழியைத் தனியாக வைத்துவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். பழைய சீட்டில் எழுதிய மருந்தை நாமே திரும்ப வாங்கிக் கொடுப்பது தவறு.

## எச்சம் மாறியிருக்கிறது

தண்ணீராகப் போகிறது, ஆனால் கோழி மேய்கிறது. வெயிலில் நிறையத் தண்ணீர் குடிப்பதால் இருக்கலாம். ஒரு நாள் பொறுத்துப் பாருங்கள்.

குஞ்சின் எச்சத்தில் ரத்தம். மூன்று முதல் ஆறு வாரக் குஞ்சுகளுக்கு ரத்தக் கழிச்சல் வரும். தோட்டத்துக்குப் பாய்ச்சிய தண்ணீர் கூட்டுப் பக்கம் கசிகிறதா என்று பாருங்கள். எங்கள் வீட்டில் இரண்டு முறையும் அதுதான் காரணம். வாய்க்கால் உடைந்து படுகை நனைந்திருந்தது. குஞ்சுகளை அன்றைக்கே காய்ந்த இடத்துக்கு மாற்றுங்கள். இதற்கு ஆம்ப்ரோலியம் என்ற மருந்து உண்டு. அளவை மருத்துவர் சொல்ல, குடிதண்ணீரில் கலந்து கொடுக்க வேண்டும். குஞ்சு ஒன்றிரண்டு நாளில் போய்விடும், அதனால் கைவைத்தியம் பார்த்துக்கொண்டு காத்திருக்காதீர்கள்.

வெள்ளையும் பச்சையுமாகக் கழிகிறது, இறக்கை தொங்குகிறது, கழுத்து திருகுகிறது. வெள்ளைக் கழிச்சல். ராணிக்கெட் என்பதும் இதுதான். வந்த பிறகு இதற்கு மருந்து கிடையாது. இதை நான் பட்டுத்தான் அறிந்தேன். ஒரு பங்குனியில் சந்தையிலிருந்து இரண்டு விடைக்கோழிகளை வாங்கிவந்து, அன்று சாயங்காலமே மற்றவற்றோடு விட்டேன். ஐந்தாம் நாள் அவற்றில் ஒன்று கூட்டு மூலையில் கண்ணை மூடிக்கொண்டு நின்றது. பத்து நாளில் பதினேழு கோழியில் ஐந்துதான் மிச்சம். கடைசியாகப் போனது என் மகள் கையில் தீனி தின்று வளர்ந்த பொன்னிறப் பெட்டை. தலையை முதுகுப் பக்கம் திருப்பிக்கொண்டு, நேராக்க முடியாமல் சுற்றிச் சுற்றி வந்தது.

இப்போது நாங்கள் செய்வது: வெளியிலிருந்து எந்தக் கோழி வந்தாலும் மூன்று வாரம் தனிப் பஞ்சாரம், தனிச் சட்டி. அதற்குத் தீனி வைப்பது கடைசியில். தடுப்பு மருந்து: குஞ்சுக்கு ஏழாம் நாள் கண்ணில் அல்லது மூக்கில் ஒரு சொட்டு, நான்காம் வாரம் லசோட்டா, எட்டாம் வாரம் இறக்கையடியில் ஊசி. ஊசிக்கு ஒரு வாரம் முன்பு குடற்புழு நீக்கம். தமிழ்நாடு கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகம் உருவாக்கிய குருணை வடிவத் தடுப்பு மருந்தும் இருக்கிறது. ஊசி போட ஆள் இல்லாத வீட்டுக்கு அது வசதி. கால்நடைத் துறையின் இலவசக் கழிச்சல் தடுப்பூசி முகாம் பொதுவாக பிப்ரவரியில் நடக்கும். தை மாதமே மருந்தகத்தில் தேதி கேட்டு வையுங்கள். மருந்தை வாங்கிவந்தால் ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும். சூடு பட்ட மருந்தைப் போடுவதும் வெறும் தண்ணீரைப் போடுவதும் ஒன்று.

நோய் வந்துவிட்டது என்று சந்தேகம் எழுந்த அன்றே மருந்தகத்துக்குச் சொல்லுங்கள். செத்ததைக் குப்பையிலும் ஓடையிலும் எறியாமல் சுண்ணாம்பு போட்டு ஆழமாகப் புதையுங்கள். மீதியை அவசரமாகச் சந்தையில் தள்ளிவிடாதீர்கள். என் கூட்டுக்கு நோய் வந்த வழியே அதுவாகத்தான் இருக்க வேண்டும்.

## காலையில் நன்றாக இருந்தது, மதியம் செத்துக் கிடக்கிறது

ஒன்று மட்டும், கொழுத்த கோழி, கடும் வெயில். வெப்பம்.

இரண்டு மூன்று ஒரே இடத்தில், இரைப்பை நிறைந்திருக்கிறது. விஷம். கோழியைத் தொடும் முன் தோட்டத்தைப் பாருங்கள். கடையில் வாங்கும் விதை இளஞ்சிவப்பு, பச்சை என்று நிறம் பூசியிருந்தால் அதில் மருந்து கலந்திருக்கிறது. மீந்ததைக் கோழிக்கு வீசியிருக்கிறீர்களா? பக்கத்துக் காட்டில் குருணைப் பூச்சிமருந்து போட்டிருக்கிறார்களா? எலிக்கு வைத்த மருந்து? மீதிக் கோழிகளை உடனே அடைத்துவிடுங்கள். செத்ததை நாய்க்குக்கூடப் போடாதீர்கள்.

ஒன்றன்பின் ஒன்றாக, ஓரிரு நாளில் பல. இதற்கு மேல் நாம் பார்க்க ஒன்றுமில்லை. அறுத்துப் பார்க்காதீர்கள், வெறும் கையால் தொடாதீர்கள். பறவைக் காய்ச்சலாகவும் இருக்கலாம். கால்நடை மருத்துவரைக் கூப்பிடுங்கள், அல்லது 1962 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள். பரிசோதனைக்குக் கொண்டுவரச் சொன்னால், இரண்டு பாலித்தீன் பைக்குள் கட்டி, சுற்றி ஐஸ் வைத்து, அன்றைக்கே கொண்டுசேருங்கள்.

## அடை வைத்தது கூமுட்டையாகிறது

ஏழாம் நாள் இருட்டில் முட்டையின் அகன்ற பக்கத்தில் செல்போன் டார்ச்சை வைத்துப் பாருங்கள். சிலந்தி வலைபோலச் சிவப்பு நரம்பு ஓடினால் உயிர் இருக்கிறது.

எல்லாம் வெறுமையாகத் தெரிகிறது. கரு கூடவில்லை. எட்டு, பத்து பெட்டைக்கு ஒரு சேவல் வேண்டும். சேவலுக்கு வயதாகிவிட்டதா, காலில் புண்ணா என்றும் பாருங்கள்.

ரத்த வளையம் மட்டும் தெரிகிறது. கரு தொடங்கி நின்றுவிட்டது. பங்குனியில் இதற்குப் பெரும்பாலும் ஒரே காரணம், முட்டையைச் சூட்டில் நாள்கணக்கில் சேர்த்து வைத்தது. ஐந்து நாளுக்கு மேற்பட்ட முட்டையை இந்தப் பருவத்தில் அடைக்கு வைக்காதீர்கள். ஒரு பானையில் பாதி மணல் நிரப்பி, மணலை ஈரமாக வைத்து, மேலே துணி விரித்து, அதில் முட்டையைக் கூர்முனை கீழாக அடுக்கினால் குளிர்ச்சியாக இருக்கும். அம்மா இதைத்தான் செய்வார். கூடவே ஒரு இரும்பாணி, அடுப்புக்கரி, காய்ந்த மிளகாய் வைத்து இடி தாக்காமல் இருக்க என்பார். நான் பானையைத் தொடர்கிறேன், மிளகாயையும் அவருக்காக வைக்கிறேன்.

குஞ்சு ஓட்டில் கீறல் போட்டும் வெளியே வரவில்லை. காற்றில் ஈரம் போதவில்லை. பதினெட்டாம் நாள் முதல் கூடையின் அடி மணலில் தண்ணீர் தெளியுங்கள். இருபத்தொன்றாம் நாள் ஓட்டைப் பிய்த்து உதவி செய்யப் போகாதீர்கள். ரத்தம் கசிந்தால் குஞ்சு பிழைக்காது.

கோழியே பாதியில் எழுந்து போய்விட்டது. மேலே சொன்ன வெள்ளைத்துணிச் சோதனையைச் செய்யுங்கள். செல் கடி தாங்காமல்தான் பெரும்பாலும் எழுகிறது.

## விதை போட்டு எட்டு நாளாகியும் முளைக்கவில்லை

பாத்தியில் ஒரு விரல் ஆழம் தோண்டி விதையைத் தேடுங்கள்.

விதை இல்லை, மண் கிளறியிருக்கிறது. கோழி. விதைத்த பாத்தி அதற்குப் பந்தி விரித்த மாதிரி. கருவேல முள்ளை மேலே பரப்பி, முளை இரண்டு இலை விட்டதும் எடுத்துவிடுங்கள். நெருக்கமான வலை இன்னும் நல்லது.

விதை இல்லை, மண் கலையவில்லை. எறும்பு. கீரை விதைக்கு இது நிச்சயம் வரும். விதையைச் சாம்பலோடு கலந்து தூவி, பாத்தியைச் சுற்றி அரிசி மாவைக் கோடாகப் போடுங்கள். எறும்பு அதைச் சுமந்துகொண்டு போகும்.

விதை இருக்கிறது, அழுகியிருக்கிறது. தண்ணீர் அதிகம். காய்ந்தபடியே இருக்கிறது. ஆழம் அதிகம், அல்லது மேல்மண் ஓடுபோல இறுகிவிட்டது. பாகல், பீர்க்கு விதைகளை இரவு முழுக்க ஊறவைத்துப் போடுங்கள். எதிலும் தெளிவில்லையென்றால் மிச்ச விதையில் பத்தை ஈரத்துணியில் முடிந்து வையுங்கள். ஆறுக்குக் குறைவாக முளைத்தால் விதை பழசு.

முளைத்தபின் கழுத்தில் சுருங்கிச் சாய்கிறது. நாற்றழுகல். தண்ணீரைக் குறைத்து, நெருக்கத்தைக் கலைத்துவிடுங்கள். அடுத்த விதைப்பில் டிரைக்கோடெர்மா விரிடி என்ற நன்மை செய்யும் பூஞ்சையை விதையோடு கலந்து விதையுங்கள்.

## எரு போட்ட வாரத்தில் இலை ஓரம் கருகுகிறது

கோழி எச்சத்தை நேராகச் செடியடியில் போட்டீர்களா? மாட்டெருவை விட இதில் தழைச்சத்தும் உப்பும் அதிகம், வேரைச் சுட்டுவிடும். என் முதல் கத்தரி வரிசை முழுக்க இப்படித்தான் போனது. போட்டதை வழித்தெடுத்துவிட்டு, இரண்டு நாள் நிறையத் தண்ணீர் கட்டி, மூடாக்குப் போடுங்கள். புதுத்துளிர் பச்சையாக வந்தால் தப்பித்தது.

எச்சம் ஒரு பங்கு, காய்ந்த சருகு இரண்டு மூன்று பங்கு, பிழிந்தால் கை நனையும் அளவு ஈரம், பதினைந்து நாளுக்கு ஒரு புரட்டல். இரண்டு மூன்று மாதம் கழித்துச் சூடும் நாற்றமும் போய், மண்வாசம் வந்தால் எரு. கார்த்திகையில் குவித்தால்தான் மாசியில் கிடைக்கும். பச்சையாகத் தின்னும் கொத்தமல்லி, வெள்ளரிக்குப் பச்சை எச்சம் எந்தக் காலத்திலும் வேண்டாம்.

எரு போடாமலே கருகினால் தண்ணீரில் உப்பு இருக்கலாம். மண், தண்ணீர் மாதிரியை அருகிலுள்ள மண் பரிசோதனை நிலையத்தில் கொடுங்கள்.

## மிளகாய் இலை சுருளுகிறது

மேல்நோக்கி, படகுபோல. இலைப்பேன். நுனியை ஒரு வெள்ளைத்தாள் மேல் தட்டுங்கள். மெல்லிய மஞ்சள் கீற்றுகள் ஊரும். கீழ்நோக்கி, காம்பு நீண்டு. சிலந்திப்பேன், வெறும் கண்ணுக்குச் சிக்காது. மருந்து மாறுவதால் இந்த வித்தியாசம் முக்கியம்.

இலைப்பேனுக்கு 50 கிராம் வேப்பங்கொட்டையை இடித்து ஒரு லிட்டர் தண்ணீரில் இரவு ஊறவைத்து, வடிகட்டி, கொஞ்சம் சோப்புக் கரைசல் சேர்த்து மாலையில் இலையின் அடிப்பக்கம் அடியுங்கள். வாரம் ஒருமுறை, மூன்று முறை. சிலந்திக்கு நனையும் கந்தகம், லிட்டருக்கு 2 கிராம், வெயில் தணிந்த பிறகு மட்டும். இலை சிறுத்து, மஞ்சளாகி, கொத்தாகக் கூடினால் வைரஸ். அந்தச் செடியைப் பிடுங்கிவிடுங்கள். வெண்டையில் நரம்பு மட்டும் மஞ்சளாக வலைபோலத் தெரிந்தாலும் இதே தீர்ப்புதான். இரண்டையும் பரப்புவது வெள்ளை ஈ என்பதால், மஞ்சள் ஒட்டுப்பொறி ஒன்றைத் தொங்கவிடுங்கள். பாதிச் செடிக்கு மேல் போய்விட்டது என்றால் ஒரு கிளையை உறையில் போட்டு வேளாண் அறிவியல் நிலையத்தில் காட்டிவிட்டு வேறு எதுவும் அடியுங்கள்.

## கொடி பூக்கிறது, காய் பிடிக்கவில்லை

முதல் பத்துப் பதினைந்து நாள் ஆண்பூ மட்டும் வருவது இயல்பு. பூவின் கீழே குட்டிக் காய் இருந்தால் பெண்பூ. பெண்பூ வந்தும் பிஞ்சு மஞ்சளாகி உதிர்ந்தால் தேனீ வரவில்லை. ஆண்பூவைப் பறித்து இதழை நீக்கி, பெண்பூவின் நடுவில் தொட்டுத் தடவுங்கள். பாகலுக்கும் பூசணிக்கும் காலையில். சுரையும் பீர்க்கும் சாயங்காலம்தான் விரியும், அப்போது தொடுங்கள்.

பிஞ்சு கோணலாகி, அழுகி, உள்ளே புழு. பழ ஈ. காய் விரல் அளவில் இருக்கும்போதே பழைய செய்தித்தாளைச் சுற்றிக் கட்டுங்கள். விழுந்ததைத் தரையில் விடாதீர்கள். புழு மண்ணுக்குள் போய்க் கூட்டுப்புழுவாகிவிடும். இங்கே கோழிதான் மருந்து. கொடி பந்தல் ஏறிய பிறகு, வேர்ப்பக்கம் நான்கு கல்லை அடுக்கிவிட்டு, மாலையில் ஒரு மணி நேரம் பந்தலுக்கடியில் கோழிகளைத் திறந்துவிடுங்கள். எங்கள் சுரைப்பந்தலில் நான்கு வாரம் தொடர்ந்து விட்டதும் சொத்தைக்காய் கூடை நிறைய வந்தது கைப்பிடிக்குள் அடங்கியது. அந்த நான்கு வாரமும் பந்தலில் எந்த மருந்தும் அடிக்கக்கூடாது. அடித்துத்தான் ஆக வேண்டும் என்ற நிலை வந்தால் எத்தனை நாள் கோழியை விடக்கூடாது என்று தோட்டக்கலை அலுவலரிடம் கேட்டுவிட்டு அடியுங்கள்.